நாஸ் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் மாற்றுவது: நீலகிரி வீடுகளுக்கு

வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் படம், கோப்புகளைச் சேமித்துவைக்கும் பெட்டிதான் நாஸ். இரண்டு டிஸ்க் போடும் நாஸில் ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பத்து நிமிட வேலை. அதன் பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. பழைய டிஸ்கில் உள்ளதெல்லாம் புதியதற்கு நகலாக வேண்டும். இதை ரீபில்டு என்பார்கள். 4 டெராபைட்டுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம், 8 டெராபைட்டுக்குப் பதினாறிலிருந்து இருபது மணி நேரம் பிடிக்கும். இடையில் யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். அந்த நேரம் முழுக்க குடும்பப் படங்கள், கல்யாண வீடியோ, பத்திர ஸ்கேன் எல்லாம் உள்ளே மிச்சமிருக்கும் ஒரே ஒரு பழைய டிஸ்கை நம்பித்தான் இருக்கும். ஆறேழு வருடம் ஓடிய அந்த டிஸ்க், தன் வாழ்நாளிலேயே மிகக் கடுமையான வேலையை அன்றைக்குத்தான் செய்யும். அதைக் காப்பாற்றத்தான் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும்.

முதலில் நாள் பாருங்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஊட்டி, கூடலூர் பக்கம் காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குன்னூர், கோத்தகிரிக்கு அதே தொல்லை அக்டோபர், நவம்பரில். ஏப்ரல், மே மாலைகளில் இடி. டிஸ்க் செத்துப்போய் அவசரமாக மாற்றுகிறவர்களுக்கு வேறு வழியில்லை. இடம் போதாமல் பெரிய டிஸ்க் போடுகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளலாம். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்த அறிவிப்பையும் பார்த்துவிட்டுக் காலையிலேயே தொடங்குங்கள். ராத்திரி ஆரம்பித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பழைய டிஸ்க் தாங்குமா?

நாஸின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு, இருக்கும். அதில் நாலு எண்களைப் பார்த்தால் போதும். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தகவல் எழுதும் சிறு கட்டங்கள்). 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 என்பது சோதனையிலும் சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 ஏறியிருந்தால் தப்பு பெரும்பாலும் டிஸ்கில் இல்லை, கனெக்டரில். மலைக் காற்றின் ஈரத்தில் பித்தளைக் குத்துவிளக்கு கறுப்பதைப் போல கனெக்டரின் பற்களிலும் மெல்லிய படலம் படியும். டிஸ்கை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினாலே அது உரசிப் போய்விடும். 199 பழைய கணக்கு, குறையாது. மேற்கொண்டு ஏறாமல் இருந்தால் சரி.

எண்கள் சுத்தமாக இருந்தாலும், உள்ளேயே இருக்கப்போகும் டிஸ்குக்கு நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். அது டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கும். வருடக்கணக்காக யாரும் திறக்காத ஒரு படத்தின் மேல் செக்டர் செத்திருந்தால், ரீபில்டின் நடுவில் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. 197 பூஜ்யமாக இல்லாத டிஸ்கை நம்பி மற்றதைக் கழற்றவே கூடாது.

எப்படியிருந்தாலும் எல்லாவற்றையும் ஒரு யுஎஸ்பி டிஸ்கில் நகலெடுங்கள். எடுத்ததும் அதை லேப்டாப்பில் மாட்டி, வேறு வேறு வருடத்திலிருந்து பத்துப் படம், இரண்டு வீடியோவைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒன்றையே இரண்டு டிஸ்கிலும் எழுதும் ரெய்டு 1 இருக்கிறதே, இரண்டு நகல் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. தவறி அழித்த கோப்பு அந்த நொடியே இரண்டு டிஸ்கிலும் அழிந்துவிடும். ஒரே இடி இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

எந்த டிஸ்க் வாங்குவது

நாஸ் மாடலுக்கான பொருத்தப் பட்டியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பட்டியலில் இல்லாத டிஸ்கை ஏற்க மறுக்கும் மாடல்களும், எச்சரிக்கை மட்டும் காட்டும் மாடல்களும் உண்டு. அடுத்துப் பார்க்க வேண்டியது, டிஸ்க் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் தகவல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் நாட்டு ஓட்டுக் கூரைபோல ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். கீழே ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ளவற்றையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். சாதாரண உபயோகத்தில் இது தெரியாது. ரீபில்டில் இடைவிடாமல் எழுதும்போது வேகம் படுத்துவிடும், பத்து மணி நேர வேலை நாள்கணக்கில் போகும். டிஸ்க் பதில் சொல்லத் தாமதிப்பதால் நாஸ் அதைக் கெட்டுப்போனதென்று வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்பது 2020-ல் வெளியே வந்தது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என்300 மூன்றுமே நாஸுக்கு ஏற்றவை. கடைக்காரர் விலை குறைவென்று டெஸ்க்டாப் டிஸ்கை நீட்டினால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து தேடிப் பாருங்கள். அது எஸ்எம்ஆராக இருக்க வாய்ப்பு அதிகம்.

மலைக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். டிஸ்கின் மூடியில் ஊசித்துளையைவிடச் சற்றுப் பெரிய ஒரு துளை இருக்கும், அருகில் இதை மூடாதே என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். டிஸ்க் அதன் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. சுழலும் தட்டுக்கு மேலே காற்று மெத்தையில், தகவலைப் படித்து எழுதும் தலை மிதப்பதால், காற்று மெலிய மெலிய அது தட்டுக்கு நெருங்கி வரும். அதனால்தான் டிஸ்க் இயங்கும் உயரத்துக்கு வரம்பு போட்டிருக்கிறார்கள், வழக்கமாக 3048 மீட்டர். ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான். பயமில்லை, துளையின் மேல் விலைச்சீட்டோ டேப்போ ஒட்டாமல் இருந்தால் போதும். 10 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்குகள் பெரும்பாலும் ஹீலியம் அடைத்து முழுக்க மூடப்பட்டவை. அவற்றில் இந்தத் துளை இருக்காது.

கையில் வந்ததும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பாருங்கள். ரெட் பிளஸ், அயர்ன்வுல்ஃப் இரண்டுக்கும் மூன்று வருடம். வேறு நாட்டுக்கென்று வந்த சரக்கு என்றால் இங்கே செல்லாது. ஸ்மார்டில் ஓடிய மணி நேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

4 டெராபைட் டிஸ்க் நாஸில் 3.63 என்றுதான் தெரியும். 8 என்றால் 7.27. கடை ஆயிரங்களால் பெருக்குகிறது, நாஸ் 1024-ஆல் வகுக்கிறது. ஏமாற்றம் ஒன்றுமில்லை.

பிரிக்க அவசரம் வேண்டாம்

மேட்டுப்பாளையத்தின் வெயிலில் இருந்து ஏறி வந்த பார்சலும் சரி, பனிக்கால ராத்திரியில் வண்டியில் கிடந்து குளிர்ந்த பார்சலும் சரி, வந்தவுடன் பிரித்து மாட்டக் கூடாது. குளிர்ந்த டிஸ்கைக் கணப்பு எரியும் அறையில் பிரித்தால் மூக்குக்கண்ணாடி மங்குவதைப் போல அதன் மேல் நீர் பூத்துவிடும். உறையோடு, நாஸ் இருக்கும் அறையிலேயே குறைந்தது ஆறு மணி நேரம், பனிக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க வையுங்கள். அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்துச் சூடாக்க வேண்டாம்.

நிலைமின்சாரம் மழைக்காலத்தில் தொல்லை தராது. ஜனவரி, பிப்ரவரியில் காற்று வறண்டிருக்கும்போது கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி தெறிக்குமே, அது டிஸ்கின் அடிப்பக்க போர்டுக்கு ஆகாது. ஸ்வெட்டரை வேறு அறையில் கழற்றிவிட்டு, கரண்ட் பிளக்கில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டிஸ்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

மாற்றும் நேரம்

யுபிஎஸ் கட்டாயம். இரண்டு டிஸ்க் நாஸும் ரவுட்டரும் சேர்ந்தே முப்பது நாற்பது வாட்டுக்குள்தான் எடுக்கும். பேட்டரி நன்றாக உள்ள 600 விஏ யுபிஎஸ் அரைமணி நேரமாவது தாங்கும். யுஎஸ்பி தகவல் ஒயர் உள்ள யுபிஎஸ் என்றால் பேட்டரி இறங்கும்போது நாஸ் தானே முறையாக அணைந்துகொள்ளும். விலை மலிந்தவற்றில் இது இருக்காது, கேட்டு வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் பின்பக்கத்தில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கவும். சாதாரண மோடில் மாறும் அந்தக் கண்ணிமைப்பிலேயே நாஸ் அணைந்து எழும்.

இரண்டு டிஸ்கின் சீரியல் எண்ணையும், எது எந்த பேயில் (டிஸ்க் மாட்டும் அறையில்) இருக்கிறது என்பதையும் திரையில் பார்த்துத் தாளில் எழுதுங்கள். நல்ல டிஸ்கை உருவிவிடுவதுதான் இந்த வேலையில் வரும் மிக மோசமான விபத்து. இடது பக்கம் பெரும்பாலும் ஒன்று என்றாலும், ஊகத்தில் உருவாதீர்கள். நாஸின் அமைப்புகளையும் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஹாட் ஸ்வாப், அதாவது அணைக்காமலே டிஸ்கை மாற்றும் வசதி உள்ள நாஸில், ஸ்டோரேஜ் மேனேஜர் போன்ற பக்கத்தில் மாற்றவேண்டிய டிஸ்கை டீஆக்டிவேட் செய்யுங்கள். அந்த வசதி இல்லையென்றாலோ சந்தேகம் இருந்தாலோ நாஸை முறையாக ஷட்டவுன் செய்து அடாப்டரைப் பிடுங்குங்கள். டிஸ்க் உட்கார்ந்திருக்கும் டிரேயை ஒரு அங்குலம் மட்டும் வெளியே இழுத்து அரை நிமிடம் நிறுத்துங்கள். விரலை வைத்தால் தட்டு இன்னும் சுற்றுவது மெல்லிய உறுமலாகத் தெரியும். சுழலும் டிஸ்கைச் சாய்த்தால் பம்பரம்போல எதிர்த்து முறுக்கும், அப்போதுதான் தலை உரசும். உறுமல் அடங்கிய பிறகு முழுக்க எடுத்து, சீரியல் எண்ணைத் தாளோடு ஒப்பிடுங்கள்.

புதிய டிஸ்கைத் திருகும்போது நாஸோடு வந்த திருகுகளையே போடுங்கள். 3.5 அங்குல டிஸ்குக்கும் 2.5 அங்குல டிஸ்குக்கும் திருகு வேறு. மாற்றிப் போட்டால் மரை போய்விடும். பெரிய கொள்ளளவு டிஸ்குகள் சிலவற்றில் அடிப்பக்க நடுத்துளைகள் இருக்காது. டிரேயின் துளைகள் அதற்குப் பொருந்துகின்றனவா என்று முன்னமே பாருங்கள். இறுக்கமாக உட்கார்ந்தால் போதும், பலம் காட்ட வேண்டாம். டிரேயை உள்ளே தள்ளும்போது கடைசியில் ஒரு சின்னத் தடை வந்து அடங்கும். அதுதான் கனெக்டர் உட்காரும் இடம்.

பிறகு நிர்வாகப் பக்கத்தில் ரிப்பேர் என்பதைக் கொடுத்துப் புதிய டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். புதியதில் உள்ளதெல்லாம் அழியும் என்று கேட்கும், சீரியல் எண்ணைப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள். அலாரம் பீப் அடித்தால் அணைத்துவிடலாம். போன்களின் தானியங்கிப் பட நகல், கேமராப் பதிவு எல்லாவற்றையும் அன்றைக்கு நிறுத்திவையுங்கள். டிஸ்க் வெப்பம் 30-லிருந்து 45 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மேலே போனால் ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள். கணப்பு எரியும் வீடுகளில் ஃபேனில் கரித்தூசி அப்பியிருக்கும், முன்னமே பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். மரத்தரை வீடுகளில் நாஸைத் தரையில் வைக்காமல் சுவர் ஓரத்துக் கல் அலமாரியில் வையுங்கள். ஆள் நடக்கும் அதிர்வே டிஸ்கைத் தடுமாறச் செய்யும். வண்டிக் கொட்டகையிலும் வேண்டாம். பெரும்பாலான டிஸ்குகளின் கீழ் வரம்பு 0 டிகிரி, உறைபனிக் காலையில் அது அங்கே தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும்.

நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ் இறங்கினால், நாஸை முறையாக அணையுங்கள். திரும்பப் போட்டால் பெரும்பாலான நாஸ்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சதவீதம் ஒரே இடத்தில் நின்றால் உடனே ஆஃப் செய்யாதீர்கள். பழைய டிஸ்கின் 197 ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ரீபில்டு முடியாமல் போகலாம். கழற்றிய டிஸ்கும் பேக்கப்பும் அதற்காகத்தான் கையில் இருக்கின்றன.

புதிய டிஸ்கை நாஸ் கண்டுகொள்ளவே இல்லையென்றால் முதலில் இன்னொரு முறை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். பிறகு நாஸின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். யுஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்கோ, டேட்டா சென்டர் டிஸ்கோ என்றால், பவர் கனெக்டரின் மூன்றாவது பல்லில் வரும் 3.3 வோல்ட்டை அணைந்திரு என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு சுழலாமலே கிடக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு அப்படிப்பட்ட டிஸ்கை வாங்காமல் இருப்பது மேல்.

இடம் கூட வேண்டுமென்றால்

ஒரு டிஸ்கை மட்டும் பெரிதாக்கினால் ரெய்டு 1-ல் இடம் ஒரு ஜிபிகூட அதிகமாகாது. முதல் ரீபில்டு முழுக்க முடிந்து நிலை நார்மல் என்று வந்த பிறகு, இரண்டாவது டிஸ்குக்கும் இதே வேலையைச் செய்ய வேண்டும். இரண்டும் முடிந்ததும் சில நாஸ்கள் தாமே விரிவாக்கிக்கொள்ளும். மற்றவற்றில் எக்ஸ்பேண்ட் என்பதைத் தேடிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு நாளாவது விட்டு, புதிய டிஸ்கின் ஸ்மார்டைப் பாருங்கள். புது டிஸ்க் கெட்டால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கெடும்.

ஒற்றை டிஸ்க் நாஸுக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. முழு பேக்கப் எடுத்து, டிஸ்கை மாற்றி, மென்பொருளைப் புதிதாக நிறுவி, பேக்கப்பைத் திரும்ப ஏற்ற வேண்டும்.

கழற்றிய டிஸ்குகளை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். நிலைமின்சாரம் தடுக்கும் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு சேர்த்து, மூடி இறுகும் டப்பாவில், மேலே தேதியும் பே எண்ணும் எழுதி. மரப்பீரோவின் அடித்தட்டு வேண்டாம், மழைக்காலத்தில் துணியே பூசணம் பிடிக்கும் இடம் அது. மாதம் கழிந்து, ஸ்மார்ட் நன்றாக இருந்தால், அதில் ஒரு முழு நகல் எடுத்து கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவையுங்கள். விற்பதாக இருந்தால் ஃபார்மட் மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் மாட்டி முழு டிஸ்கையும் ஒருமுறை பூஜ்யத்தால் எழுதிவிட்டுக் கொடுங்கள். 4 டெராபைட்டுக்கு அதுவும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது.