சோபா குஷனுக்கு ஃபோம் ஒட்டும்போது: முதலில் காயவிடுங்கள்

குழி விழுந்த சோபா குஷனுக்கு வீட்டிலேயே புது உயிர் கொடுக்கலாம். அடியில் 3 அங்குலம் கெட்டி ஃபோம், மேலே 1 அங்குலம் மெத்தென்ற ஃபோம். அடிப்பகுதிக்குக் கடையில் '40 டென்சிட்டி' என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் 40 கிலோ எடை இருக்கும் என்று பொருள்.

மரவேலைக்கு வாங்கிய வெள்ளை ஃபெவிகாலை இதற்கு எடுக்காதீர்கள். அதிலுள்ள தண்ணீர் போனால்தான் இறுகும்; ஃபோமுக்குள் அது லேசில் காயாது, காய்ந்த இடமும் ஓடு மாதிரி உறுத்தும். நமக்கு வேண்டியது ரெக்சின், மைக்கா ஒட்டும் ரப்பர் பசை. ஹார்டுவேர் கடையில் ஃபெவிகால் எஸ்ஆர் 998 என்று கேட்டால் தருவார்கள். தெர்மோகோலுக்கு மட்டும் வேண்டாம், கரைத்துவிடும்.

டின்னைத் திறப்பதற்கு முன் ஜன்னல்களைத் திறங்கள். ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. இதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், ஃபோமும் அப்படித்தான்.

ஃபோமில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, இரண்டு துண்டிலும் பசை தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் நிற்காது. ஓரங்களைச் சுற்றி 2 அங்குலப் பட்டையாக, நடுவில் சில கோடுகளாக, மெல்லிசாகப் பூசினால் போதும். அப்பிவிட்டால் உட்காரும்போது கட்டி தட்டும்.

இனி காத்திருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான், நானும் தவறியிருக்கிறேன். ஈரத்தோடு ஒட்டிய என் முதல் குஷனில் மறுநாள் மேல் ஃபோம் அரை அங்குலம் நகர்ந்திருந்தது. வாடையும் பல நாள் போகவில்லை. பசையிலுள்ள கரைப்பான் பறந்த பிறகுதான் இரண்டு பக்கத்து ரப்பர் படலங்களும் ஒன்றோடொன்று பிணையும். 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். மழைநாளில் இன்னும் கூடுதலாக. விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு நூல் இழுத்து வரக்கூடாது. அதுதான் பதம்.

இந்தப் பதத்தில் தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் கீழ்த் துண்டின் மேல் செய்தித்தாளை விரித்து, ஒரு ஓரத்தில் மட்டும் 2 அங்குலம் பசை தெரிய விடுங்கள். அந்த ஓரத்தை நேர் பார்த்து ஒட்டிவிட்டு, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே மேல் துண்டைப் படிய விடுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நெடுநேரம் பாரம் ஏற்றி வைக்கத் தேவையில்லை. ஒரு தடவை நன்றாக அழுத்துவதுதான் பிடிப்பு தரும்.

உறையை அன்றே மாட்டாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காற்றாட வைத்து, வாடை போனபின் மாட்டுங்கள்.