பழைய மடிக்கணினியில் ஹோம் அசிஸ்டன்ட்

வீட்டு விளக்குகளையும் கருவிகளையும் தானாக இயக்க உதவும் மென்பொருள்தான் ஹோம் அசிஸ்டன்ட். முதலில் லினக்ஸில் டாக்கரை நிறுவுங்கள்; மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி அது. அப்புறம் ஹோம் அசிஸ்டன்ட் கன்டெய்னரை ஓட்டும்போது நெட்வொர்க்கை ஹோஸ்ட் முறையில், அதாவது கணினியின் நெட்வொர்க்கையே அதுவும் பயன்படுத்தும்படி, வையுங்கள். இல்லையென்றால் வீட்டிலுள்ள பல கருவிகளை அது தானாகக் கண்டுபிடிக்காது. அமைப்புகளைச் சேமிக்கும் கான்ஃபிக் கோப்புறை கட்டாயம் கன்டெய்னருக்கு வெளியே, உங்கள் வட்டில் இருக்கட்டும். நான் அதை விட்டுவிட்டேன். புதிய பதிப்புக்காகப் பழைய கன்டெய்னரை அழித்த அன்று, மூன்று இரவு உட்கார்ந்து அமைத்த விளக்கு நேரங்கள் எல்லாம் போயே போச்சு.

சரி, பிரவுசரில் அந்தக் கணினியின் ஐபி முகவரியோடு 8123 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறவுங்கள். முதல் தடவை சில நிமிடம் பிடிக்கும், பொறுங்கள். இந்த முறையில் ஆட்-ஆன் வசதி (கூடுதல் மென்பொருள்களை ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள்ளிருந்தே நிறுவுவது) வராது. எனக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

மடிக்கணினி என்றால் மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்துவிடுங்கள். ஒருநாள் யாரோ மூடிவைக்க, வாசல் விளக்கு விடியும்வரை எரிந்தது.