நின்றுபோன மொறிஸ் மைனரை மறுபடி றோட்டில் இறக்குவது எப்படி?

பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் எழுகிற ஆசை பெயின்ற் அடிப்பது. இரண்டாவது ஆசை, எல்லாவற்றையும் கழற்றி நிலத்தில் பரப்பிப் பார்ப்பது. இரண்டையும் தள்ளி வையுங்கள். கார் முதலில் ஒழுங்காக நிற்கவேண்டும், அதற்குப் பிறகு ஓடவேண்டும், மினுங்குவது கடைசி. ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றித் திருத்திப் பூட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகிறவரின் கார் றோட்டுக்கு வந்துவிடும். ஒரேயடியாகக் கழற்றிய கார்கள் எத்தனையோ கொட்டில்களில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் இவ்வளவு பழைய கார்கள் மிஞ்சியதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. இருந்ததை வைத்தே ஓடவேண்டிய நிலை. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்தபோது, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வர வேறு வழியில்லாததால் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டன. நீங்கள் திருத்தப்போவதும் அப்படி ஓடிவந்த ஒரு காரைத்தான்.

எந்தக் கார்?

புதிதாகத் தொடங்குகிறவருக்கு மொறிஸ் மைனரைத்தான் சொல்வேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார், 1971 வரை தயாரிப்பில் இருந்தது. 1956இலிருந்து வந்த ‘மைனர் 1000’ வகையில் முதலில் 948 சிசி, 1962க்குப் பிறகு 1098 சிசி எஞ்சின். பொனற்றைத் திறந்தால் ஒவ்வொன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு பிரித்தானியாவிலிருந்து வருகின்றன. பழைய பாகங்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகள் இருக்கின்றன.

ஒஸ்ரின் ஏ40 சோமசெட்டும் நல்ல கார்தான். அதற்குத் தனிச் சசி, அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், உண்டு. மைனருக்கு அப்படி இல்லை, உடம்பேதான் சசி. அதனால் மைனரில் கறள் என்பது அழகு கெடுகிற விஷயம் மட்டுமல்ல, காரின் எலும்பே போகிற விஷயம்.

காசு கைமாறுவதற்கு முன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு பொருந்தவேண்டும். 1995இல் போரால் நடந்த இடப்பெயர்வில் வீட்டோடு பத்திரங்களையும் விட்டுப்போன குடும்பங்கள் நிறைய, ஆகவே புத்தகம் இல்லாத கார் என்பது இங்கே அரிதான ஒன்றல்ல. ஆனால் அந்தச் சிக்கலை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தீர்க்கமுடியுமா என்று விசாரித்த பிறகே வாங்குங்கள். பழைய இலக்கத் தகட்டையும் கவனியுங்கள். ஆங்கில எழுத்து இலக்கங்களுக்குப் பிறகு வந்தவை சிங்கள ஸ்ரீ இலக்கங்கள். 1957-58 காலத்தில் அந்த எழுத்தை எதிர்த்து இங்கே ஒரு போராட்டமே நடந்தது. காரோடு வந்த இலக்கம் அதன் வரலாறு.

கறளைத் தேடுங்கள்

கடல் சூழ்ந்த ஊர் இது. சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசுகிற மாதங்களில் காற்றோடு உப்பும் வரும், மாரியில் ஈரம் வரும். குருநகர், பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களில் நின்ற காரென்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

மொத்தமான ஸ்குரூட்றைவர் ஒன்றோடு காருக்குக் கீழே பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடுகிற நீளப்பகுதி, முன்சீற்றுக்குக் கீழே குறுக்காகப் போகிற பெட்டி உத்திரம், பின் வில்லுகளைத் தாங்கும் இடங்கள் ஆகிய மூன்றும் முக்கியம். முன்சில்லுகளைத் தாங்குகிற முறுக்குக் கம்பிகளின் பின்நுனி பூட்டப்படுவது அந்தக் குறுக்கு உத்திரத்தில்தான். குத்திப் பார்க்கும்போது ‘டொக்’ என்று சத்தம் வந்தால் நல்லது. ஸ்குரூட்றைவர் உள்ளே போனால் வெட்டி ஒட்டுகிற வேலை இருக்கிறது. இன்னொரு சோதனை: பக்கவாட்டில் ஜக் வைத்துக் காரை மெல்ல உயர்த்திவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இறுகினால் உடம்பு வளைகிறது என்று அர்த்தம். இந்த ஒட்டுவேலையைப் பழகிய வெல்டரிடம் கொடுங்கள், புதியவர் கைவைக்கும் இடம் அல்ல. ஓட்டைக்கு மேல் புட்டிப் பசை பூசி மறைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

சரி, கார் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆயுதங்கள் வேண்டும். மைனர் 1000க்கு அங்குல அளவு ஸ்பானர்கள்தான் பொருந்தும்: 7/16, 1/2, 9/16 இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டு நட்டின் மூலைகளை உருட்டிவிடாதீர்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது. சீமெந்துக் கல் அடுக்கியும் போகக்கூடாது, அது சொல்லாமல் நொறுங்கும். காரைத் தாங்கி நிற்கிற இரும்பு ஸ்ராண்ட் நான்கு வாங்குங்கள்.

முதல் வேலை: பிறேக்

மைனரில் நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக். எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும், கைப்பிறேக்தான் மிஞ்சும். அதனால்தான் எஞ்சினைத் தொடுவதற்கு முன் இதை வைக்கிறேன்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கும், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சில்லு சிலிண்டரின் றப்பரை மெல்ல விலக்கிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் றப்பரையோ சிலிண்டரையோ மாற்றவேண்டும். வருடக்கணக்கில் நின்ற காரென்றால் பார்க்காமலே எல்லா றப்பரையும் மாற்றிவிடுங்கள். வளையக்கூடிய றப்பர்க் குழாய்களும் அப்படியே. வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

பிரதான சிலிண்டர் எங்கே என்று பொனற்றுக்குள் தேடிக் களைத்துப்போக வேண்டாம். அது சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே இருக்கிறது. விரிப்பை உயர்த்தினால் சிறிய மூடி தெரியும். கண்ணில் படாத இடம் என்பதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. டொட் 3 அல்லது டொட் 4 பிறேக் திரவம் விடுங்கள். எஞ்சின் ஒயிலைத் தவறியும் விடக்கூடாது, றப்பர்கள் வீங்கிப்போகும்.

பிறேக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். பிரதான சிலிண்டருக்கு மிகத் தூரமான பின் இடதுசில்லில் தொடங்குங்கள். ஒருவர் பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் சில்லின் உட்பக்கமுள்ள காற்றெடுக்கும் திருகைக் கொஞ்சம் திறந்து மூடவேண்டும். குமிழி நிற்கும்வரை இதைச் செய்துகொண்டே, இடையிடையே திரவம் குறையாமல் விட்டுக்கொண்டிருங்கள். பிறகு லைனிங்கைச் சரிசெய்யுங்கள்: முன்சில்லுக்கு இரண்டு திருகுகள், பின்சில்லுக்கு ஒன்று. சில்லு இறுகும்வரை திருகி, சுதந்திரமாகச் சுற்றும்வரை பின்வாங்குங்கள். கடைசியில் பெடலை முழுப்பலத்தோடு அமத்திக்கொண்டு கொஞ்சநேரம் இருந்து பாருங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

எஞ்சினை எழுப்புதல்

நீண்டகாலம் நின்ற எஞ்சினை நேரே ஸ்ராட்டரால் சுற்றாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி ஒயில் விட்டு இரண்டொரு நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்னால் கைப்பிடியைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். இலேசாகச் சுற்றினால் பழைய ஒயிலை இறக்கி, வடிகட்டியை மாற்றி, 20டபிள்யூ-50 ஒயில் விடுங்கள். பிளக் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றி, ஒயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணைந்த பிறகே பிளக் போடவேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு இங்கே தனிக் கவனிப்பு. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரிலிருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் இளக்கிவிடும். அதனால் பிஸ்டன் றிங்குகள் சீக்கிரம் தேயும், உள்ளே கரி படியும். கொம்பிறெசன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்கும் கருவியை ஒரு கராச்சில் இரவல் கேட்டு நான்கு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் கவலையில்லை. ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்தால், அதற்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் றிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு. இந்தச் சின்னச் சோதனை தெரிந்தால் எஞ்சினை முழுதாகப் பிரிக்கவேண்டுமா என்று நீங்களே சொல்லலாம்.

பெற்றோல் தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோலை முழுதாக வெளியே எடுங்கள், அது பிசினாகியிருக்கும். புதிதாக 92 ஒக்ரேன் போதும். சாவியைத் திருப்பியதும் எஞ்சினுக்குப் பின்சுவரிலிருக்கும் எஸ்யூ பெற்றோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நின்றுவிடவேண்டும். நிற்காமல் அடித்தால் பெற்றோல் வரவில்லை, அல்லது குழாயில் காற்று இழுக்கிறது. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது இடைக்கிடை ஒரு அடி கேட்டால் காபரேற்றரின் ஊசிவால்வு ஒழுகுகிறது. இந்தச் சத்தத்துக்குக் காது பழகினால் பாதிப் பழுதைக் காரே சொல்லிவிடும். பழைய கார்களில் எனக்கு மிகப் பிடித்த சத்தமும் இதுதான்.

மின்பொறிக்கு: பொயின்ற் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிற தொடுமுனை) இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1-3-4-2. ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டப்படுகிறது, இன்றைய கார்களுக்கு நேர்மாறு. பக்கத்துவீட்டுக் காரிலிருந்து வயர் போட்டு ஸ்ராட் பண்ணும்போது இரண்டு கார்களின் உடம்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவுதான் றேடியேற்றருக்குள்ளும் படிகிறது. இங்கே பழைய கார் சூடேறினால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். சிற்றிக் அமிலம் கரைத்த தண்ணீரால் கழுவி, பலமுறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு மழைத்தண்ணீர் அல்லது பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரோடு கூலன்ற் கலந்து விடுங்கள். மாரியில் ஒரு பீப்பாவைப் பீலிக்குக் கீழே வைத்தால் வருடத்துக்கே போதும். றேடியேற்றர் மூடி அந்தக் காருக்குரியதாகவே இருக்கட்டும். புதிய கார் மூடியின் அழுத்தத்தைப் பழைய ஈய ஒட்டுகள் தாங்காது.

கிறீஸ்

மைனரின் முன்சில்லைத் தாங்குகிற தூண், மேலும் கீழும் புரியிட்ட மூட்டுகளில் திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் அது தேய்ந்தால் ஒருநாள் ஓடும்போதே சில்லு உள்ளே மடிந்துவிடும். காரை உயர்த்தி, சில்லில் பாரம் இல்லாதபோது, புதிய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். 1000 மைலுக்கு ஒருமுறை மறக்கவேண்டாம். ரயர் 145-14 றேடியல் பொருந்தும். ஒரே அச்சில் இரண்டு விதமான ரயர் போடாதீர்கள்.

இப்போது பெயின்ற். கறளைச் சுரண்டி, கறளை மாற்றுகிற திரவம் பூசி, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சுக்குப் பிறகு நிறம் அடியுங்கள். கதவின் அடியிலிருக்கும் தண்ணீர் போகும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். 1961க்கு முந்திய காரென்றால் கதவுத்தூணிலிருந்து நிமிர்கிற சின்னக் கை சிக்னலாக இருக்கும். அதைக் கழற்றி எறியாமல் வேலைசெய்ய வையுங்கள், அதோடு சேர்த்து மினுங்கும் விளக்கும் பூட்டுங்கள். இன்றைய மோட்டார்சைக்கிள் பிள்ளைகளுக்கு அந்தக் கை என்னவென்று தெரியாது.

ஓட்டம்

முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள்ளேயே இருக்கட்டும். அடுத்தது விடியற்காலையில், வல்லை வெளியால் பருத்தித்துறைக்கு. காற்றும் வெளியும் இருக்கிற, பெரிதாகத் திருப்பம் இல்லாத பாதை அது. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுப் பழக நல்ல இடம். கார் பிடிபட்ட பிறகு பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கோ, புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவானுக்கோ போகலாம். வரியும் காப்புறுதியும் புதுப்பித்திருக்கட்டும். சீற் பெல்ற் பூட்டுங்கள். முன்னால் போகிற வாகனத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள், டிரம் பிறேக்குக்கு அவ்வளவு தூரம் வேண்டும். ஒரு பெற்றோல் குழாய், பொயின்ற் ஒரு சோடி, கண்டென்சர், விசிறிப் பட்டி, ஐந்து லீற்றர் தண்ணீர் ஆகியவை டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

தீவுப்பக்கம் போய்வந்தால் அன்றைக்கே காரின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மட்காட்டின் உட்பக்கத்தையும் சேர்த்து. கழுவிய பிறகு பிறேக்கை நாலைந்து தரம் அமத்தி ஓட்டிக் காயவிட்டு உள்ளே நிறுத்துங்கள்.