பேலா என்பவர் ஆண்: ஒரு ஹங்கேரியப் பெயரில் நாம் வழுக்கி விழும் இடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படச் சங்கத்தின் சிறு குறிப்பேட்டுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொடுத்தேன். ஹங்கேரிய இயக்குநர் பேலா டார் பற்றி அரைப்பக்கம் இருந்தது. "1955-இல் பேச் நகரில் பிறந்த இந்தப் பெண் இயக்குநர்" என்று அது தொடங்கியது. பக்கத்திலேயே புகைப்படம்: நரைத்த தலை, கையில் சிகரெட், சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஓர் ஆண். எழுதியவர் படத்தைப் பார்க்கவில்லை, படத்தை ஒட்டியவர் எழுத்தைப் படிக்கவில்லை. 'பெண்' என்பதை அடித்துவிட்டுப் பெருமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோதுதான் தெரிந்தது, உள்ளே 'பேலா', தலைப்பில் 'பெலா'. அது என் கண்ணில் படவே இல்லை.

ரோமன் எழுத்தில் நான்கே எழுத்து (Béla) கொண்ட பெயர் இது. அரசர்கள், இசையமைப்பாளர், நடிகர், புரட்சிக்காரர், கால்பந்துப் பயிற்சியாளர் என்று வரிசையாகப் பலர் தாங்கிய பெயர். தமிழில் இதைப் பிழையாக எழுதுவதற்கு முதற்காரணம், ஆங்கிலத்தின் கண்ணாடி வழியாகவே இதைப் பார்ப்பதுதான். தமிழின் கண்ணாடியில் பார்த்தால் பாதித் தவறு தானாகவே விலகிவிடும்.

முதல் தவறு, பாலினம். ஆகாரத்தில் முடிந்தால் பெண் பெயர் என்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. போதாக்குறைக்கு வட இந்தியாவில் பேலா என்றால் மல்லிகை. அங்கே அது பெண்ணின் பெயரேதான். ஹங்கேரியில் அந்தக் கணக்கு செல்லாது. கேசா, அத்திலா, ஜுலா எல்லாம் ஆண் பெயர்கள். ஹங்கேரிய மொழியில் இலக்கணப் பாலும் கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த மொழியிலிருந்து இயந்திரம் மொழிபெயர்க்கும்போது 'அவள்' எங்கிருந்தோ முளைத்துவிடுவது இதனால்தான். நம்மிடம் 'அவர்' இருக்கிறது. ஐயமிருந்தால் அதைப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம்.

அடுத்தது எழுத்தின் தலையில் இருக்கும் சாய்கோடு. அழுத்திச் சொல்லவேண்டிய இடத்தைக் காட்டும் குறி அது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஹங்கேரியத்தில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான். அதற்குக் குறியே தேவையில்லை. சாய்கோடு காட்டுவது நீளத்தை. அதாவது நம் குறில், நெடில். ஆங்கிலேயர்களுக்குப் பாடம் எடுத்துப் புரியவைக்க வேண்டிய இந்தச் செய்தி, தமிழ்க் குழந்தைக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். பேலாவில் முதல் உயிர் நெடில். ஆகவே 'பெலா' என்று எழுதுவது 'தேன்' என்பதை 'தென்' என்று எழுதுவது போன்றது.

கடைசி உயிரோ குறில். அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே, உதட்டைச் சற்றுக் குவித்துச் சொல்லும் ஒலி. அப்படியானால் கறாராக எழுதும்போது கடைசியில் 'லா' வரக்கூடாது, 'ல' தான் வரவேண்டும். எழுதிப் பாருங்கள், வாய்விட்டுப் படிக்க வேண்டாம். தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருக்கிறது, அதுவும் காலைக்கடன் சம்பந்தப்பட்டது. எனவே ஒலி நுணுக்கத்தை மரியாதைக்காக விட்டுக்கொடுத்து 'பேலா' என்றே எழுதுவோம். நான் அறிந்தவரை நம் மொழியில் இந்தப் பெயருக்கு இருக்கும் ஒரே நியாயமான பிழை இதுதான்.

கூடவே வரும் குடும்பப் பெயர்களிலும் இதே ஆங்கில வாசிப்பு ஏமாற்றும். ஹங்கேரியத்தில் தனி 'எஸ்' எழுத்துக்கு ஷகர ஒலி. டிராகுலாவாக நடித்தவரை அவர் ஊரில் லுகொஷி என்பார்கள், லுகோசி என்றல்ல. 'எல்' எழுத்தும் 'ஒய்' எழுத்தும் சேர்ந்து வந்தால் யகரம். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரின் பெயர் கரோலி அல்ல, காரொயி. அமெரிக்காவில் அவரைக் கரோலி என்றே எல்லோரும் அழைத்தார்கள், அவரும் பொறுத்துக்கொண்டார் என்பது வேறு. இசையமைப்பாளர் பார்டோக்கின் பெயர் போன்று தமிழ் அச்சில் நிலைத்துவிட்ட வடிவங்களை இனிக் கலைக்க வேண்டியதில்லை.

இப்போது பெயர் வரிசை. புடாபெஸ்டின் பதினொன்றாம் வட்டாரத்தில், கெல்லேர்ட் சதுக்கத்தில் தொடங்கி நீளும் ஒரு பெரிய சாலை உண்டு. அதன் பெயர்ப்பலகையில் மூன்று சொற்கள்: பார்டோக், பேலா, சாலை. அந்த வரிசையில்தான் ஹங்கேரியர்கள் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள், தொலைபேசியில் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். குடும்பப் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே. நாமும் தலைப்பெழுத்தை முன்னால் வைத்துத்தானே எழுதுகிறோம்? ஆனால் ஆங்கில நூல்கள் ஹங்கேரியரின் பெயரைத் திருப்பிப் போட்டுவிடுகின்றன. அதைப் பார்த்து எழுதும் நாமும் 'பேலா பார்டோக்' என்கிறோம். அதில் பெரிய குற்றமில்லை, ஒரே கட்டுரைக்குள் இரண்டு வரிசையும் கலக்காமல் இருந்தால். ஓரிடத்தில் பேலா பார்டோக், இன்னோரிடத்தில் இன்னொரு இசையமைப்பாளரான கோதாய் ஸோல்தான் என்று வந்தால், வாசகர் 'திரு. ஸோல்தான்' என்று எடுத்துக்கொள்வார்.

உண்மையான கண்ணி பலாஷ் பேலா. பலாஷ் என்பதும் ஹங்கேரியத்தில் நன்கு வழங்கும் ஆண் பெயர்தான். இரண்டில் எது குடும்பப் பெயர்? சொல்லாமல் தெரியாது. இவர் 1884-இல் செகெட் நகரில் பிறந்தபோது குடும்பப் பெயர் பலாஷ் அல்ல, பாவர். முதற்பெயர் ஹெர்பர்ட். எழுத்தாளரான பின் பூண்ட புனைபெயரில் பலாஷ் குடும்பப் பெயர், பேலா சொந்தப் பெயர். திரைப்படக் கோட்பாட்டைப் படிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். பார்டோக்கின் ஒரே ஓபராவான நீலத்தாடியின் கோட்டைக்கு உரை எழுதியவரும் இவரே. 1918-இல் அது முதன்முதலில் மேடையேறியது. அதைப் பற்றி எழுதும்போது "பேலாவின் இசையும் சொற்களும்" என்று ஒருவர் எழுதினால், அவர் ஒருவரைச் சொல்கிறாரா இருவரையா?

இங்கேதான் தமிழ்ப் பழக்கமே நம்மைக் கவிழ்க்கிறது. நமக்குச் சொந்தப் பெயர்தான் ஆளின் பெயர். இரண்டாவது பத்தியிலிருந்து அதை மட்டும் எழுதிக்கொண்டு போவோம். ஹங்கேரிய வரலாற்றில் அது பேராபத்து. 1919-ஆம் ஆண்டின் புடாபெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 21-இல் அங்கே ஹங்கேரிய சோவியத் குடியரசு பிறக்கிறது. 133 நாள் நிற்கிறது. அதை இயக்கியவர் குன் பேலா. அந்த அரசின் கல்வி ஆணையகத்தில் வேலை பார்த்தவர் பலாஷ் பேலா. நடிகர் சங்கத்தைத் திரட்டுவதில் முன்நின்றவர் லுகொஷி பேலா. இசைக்கான நிர்வாகக் குழுவில் கோதாயோடு இடம்பெற்றவர் பார்டோக் பேலா. ஆகஸ்டில் குடியரசு விழுந்ததும் முதல் மூவரும் நாட்டைவிட்டு ஓடினார்கள். நான்காமவர் மட்டும் இருந்துவிட்டார். 'பேலா தப்பி ஓடினார்' என்று ஒரு வரி எழுதினால் அது மூன்று பங்கு சரி, ஒரு பங்கு தவறு. குடும்பப் பெயர் இல்லாமல் இந்த ஆண்டைப் பற்றி ஒரு பத்திகூட எழுத முடியாது.

அந்தக் குடியரசைப் பற்றி இன்னொன்று: குன் பேலாவை அதன் தலைவர் என்று எழுதிவிடுகிறோம். கடிவாளம் அவர் கையில்தான் இருந்தது, ஆனால் பதவிப்படி அவர் வெளிவிவகார ஆணையர். ஆட்சிமன்றத்தின் தலைவராக அமர்த்தப்பட்டவர் கர்பாய் ஷாண்டோர். குன் 1938-இல் ஸ்டாலினின் களையெடுப்பில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

லுகொஷி என்பதைப் பரம்பரைக் குடும்பப் பெயராகக் கொள்வதும் தவறு. அவருடைய குடும்பப் பெயர் பிளஷ்கோ. 1882-இல் லுகொஷ் என்ற ஊரில் பிறந்தவர், ஊர்ப் பெயரோடு இகரம் சேர்த்து 'லுகொஷ்காரர்' என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்டார். காருகுறிச்சி என்றாலே நாகஸ்வரம் நினைவுக்கு வரும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த லுகொஷும், பார்டோக் 1881-இல் பிறந்த நஜ்செந்த்மிக்லோஷும் இன்று ருமேனியாவில் இருக்கின்றன. அதை வைத்து 'ருமேனியாவில் பிறந்த' என்று எழுதுகிறார்கள். அவர்கள் பிறந்தபோது அது ஹங்கேரிய அரசு. எல்லை மாறியது 1920-இன் திரியானோன் ஒப்பந்தத்தில். இதையே விதியாகப் பிடித்துக்கொண்டு, காரொயி பேலா 1942-இல் கோலோஷ்வாரில் பிறந்ததால் ருமேனியாவில் பிறந்தவர் என்று எழுதினால் மறுபடி தவறு. 1940-இல் அந்த நகரம் ஹங்கேரிக்குத் திரும்பியிருந்தது. போருக்குப் பின்தான் மீண்டும் ருமேனியாவுக்குப் போனது. ஆனால் அவர் வளர்ந்ததும், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முழுப் பத்து மதிப்பெண் வாங்கிய நாடியா கொமனேச்சியைப் பயிற்றுவித்ததும் ருமேனியாவில். 1981-இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார். 'ருமேனிய ஹங்கேரியர்' என்ற இரண்டு சொல்லில் இத்தனை சிக்கலும் அடங்கிவிடும்.

அரசர்களுக்கு வருவோம். நான்கு பேலாக்கள் ஆண்டார்கள்: முதலாமவர் 1060 முதல் 1063 வரை, இரண்டாமவர் 1131 முதல் 1141 வரை, மூன்றாமவர் 1172 முதல் 1196 வரை, நான்காமவர் 1235 முதல் 1270 வரை. எண்ணைத் தவறவிட்டால் கதையே மாறிவிடும். இரண்டாமவரைச் சிறுவனாக இருந்தபோதே, பெரியப்பாவான அரசர் கால்மான் தந்தையோடு சேர்த்துக் குருடாக்கினார். பேலா அரியணை ஏறிய ஆண்டில் அரசி இலோனா, அராத் நகரில் கூட்டம் கூட்டி, அந்தக் கொடுமைக்கு யோசனை சொன்ன பிரபுக்களை வெட்டிப்போடச் செய்தார். பழைய ஹங்கேரிய வரலாற்றேடு 68 பேர் என்கிறது. இவரை, 1241-இல் மோஹி போர்க்களத்தில் மங்கோலியரிடம் தோற்று, அவர்கள் திரும்பிப் போனபின் கோட்டைகளைக் கட்டி நாட்டை இரண்டாம் முறை நிறுவியவர் என்று பெயரெடுத்த நான்காமவரோடு குழப்புபவர்கள் உண்டு.

எண்ணில்லாமல் விட்டதால் வந்த வினைக்கு அவர்கள் நாட்டிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. ஹங்கேரியரின் தொல்வரலாற்றை லத்தீனில் எழுதிய, பெயர் தெரியாத ஒருவர், தம்மை 'காலஞ்சென்ற பேலா மன்னரின் எழுத்தர்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பேலா? அறிஞர்கள் நெடுங்காலம் சண்டையிட்டு, இப்போது பெரும்பாலும் மூன்றாமவர் என்கிறார்கள்.

நான்கோடு முடிந்ததா என்றால், ஐந்தாம் பேலா என்றும் ஒருவர் பட்டியலில் வருவார். அச்சுப்பிழை என்று அடித்துவிடாதீர்கள். பவேரியாவின் ஓட்டோ, தாய்வழியில் நான்காம் பேலாவின் பேரன், 1305-இல் ஹங்கேரிய முடியைச் சூடியபோது தாத்தாவின் பெயரைச் சூட்டிக்கொண்டார். இரண்டே ஆண்டில் முடி போயிற்று.

பெயரின் பொருளைக் கேட்டால் பலரும் 'வெள்ளை' என்று உடனே சொல்வார்கள். ஸ்லாவிய மொழிகளில் அதுபோன்ற சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டு என்பதால் வந்த ஊகம் அது. துருக்கிய மூலம் சொல்பவர்களும் உண்டு, 'உள்ளுறுப்பு' என்ற ஹங்கேரியச் சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. முடிவு காணாத வழக்கு இது. ஒன்றை மட்டும் எடுத்துத் தீர்ப்பாக எழுதாமல் இருந்தால் போதும். லத்தீன் ஆவணங்களில் இதை அடால்பர்ட் என்று எழுதினார்கள், ஆனால் அது இணைப்பெயர், பொருள் அல்ல. புனித அடால்பர்ட்டின் திருநாளான ஏப்ரல் 23-இல்தான் இன்றும் ஹங்கேரியில் பேலாக்களுக்குப் பெயர்நாள் வாழ்த்து.

கால்பந்துப் பயிற்சியாளர் குட்மன் பேலாவின் சாபத்தைப் பற்றி ஒரு வரி. போர்த்துகலின் பென்ஃபிகா அணிக்கு 1961, 1962 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்துவிட்டு, ஊதியத் தகராறில் வெளியேறியவர். நூறு ஆண்டுக்கு நீங்கள் ஐரோப்பாவில் வெல்ல மாட்டீர்கள் என்று சபித்ததாகக் கதை. அதன்பின் அந்த அணி எட்டு ஐரோப்பிய இறுதி ஆட்டங்களில் தோற்றது உண்மை. சாபம் கதை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டும்போது 'என்பார்கள்' என்ற சொல்லை விட்டுவிடுகிறோம்.

பேலா என்றாலே ஹங்கேரியர் என்றும் நினைக்க வேண்டாம். ஜாகிர் உசேனோடு வாசித்த பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக், 1958-இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கர். பார்டோக்கின் நினைவாக வைத்த பெயர் அது. அவருக்கு வரிசையைத் திருப்பக்கூடாது.

கடைசியாக, பெயரில் ஒட்டிவரும் சிறு துணுக்குகள். 'பார்டோக் பேலானே' என்று கண்டால் அது பேலாவின் இன்னொரு வடிவமல்ல. 'னே' என்றால் மனைவி, திருமதி பார்டோக் பேலா என்று பொருள். அதேபோல் பெயருக்கு முன் 'இஃப்யப்' என்பதன் சுருக்கம் இருந்தால் 'இளையவர்'. பார்டோக் வீட்டில் தந்தை, இசையமைப்பாளர், அவருடைய மூத்த மகன் என்று மூன்று தலைமுறைக்கும் ஒரே பெயர்தான். பொறியாளரான அந்த மகன் தந்தையின் வாழ்க்கையை நாள்வாரியாகத் தொகுத்து 1981-இல் நூலாக வெளியிட்டார். அந்தச் சுருக்கத்தை விட்டுவிட்டு மேற்கோள் காட்டினால், 1945-இல் நியூயார்க்கில் இறந்த பார்டோக் பேலா முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்து தன் இறுதிச் சடங்கு வரை தானே குறித்துவைத்தார் என்றாகிவிடும்.