பனி ஊரில் கரையும் தாள்: துவாயில் பெயர் தைப்பது எப்படி?

அட்டனில் மே மாதம் மழை பிடித்தால் உள்ளாடைகூட நாலு நாளைக்குக் காயாது. அப்படியொரு வாரத்தில்தான் தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசரை, அதாவது எம்பிராய்டரி தைக்கும்போது துணியைத் தாங்கிப் பிடிக்கும் தாளை, முதன்முதலாக வாங்கினேன். மெஷின் மேசையில், ஜன்னலோரம் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால் வாடின வெற்றிலை மாதிரித் தொய்ந்து, மடிப்போடு மடிப்பு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. இரவெல்லாம் உள்ளே வந்த பனிதான்.

இந்தத் தாள் பாலிவினைல் அல்ககோலால் ஆனது. தண்ணீரில் கரைகிற பொருள் என்பதால் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே நம் பக்கத்து ஆட்கள் தையலுக்கு முதல், வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஸிப் பையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து, பிஸ்கட் டின்னுக்குள் மூடி வையுங்கள். தேவையானதை வெட்டியவுடன் டின்னை மூடிவிடுங்கள். அதற்காக அடுப்புக்குக் கிட்ட கொண்டுபோய் வைக்காதீர்கள். அதிகம் காய்ந்தால் மொறுமொறுத்து ஊசி குத்தும் இடத்தில் வெடிக்கும்.

இரண்டு வகை கிடைக்கும். ஒன்று கண்ணாடி போன்ற மெல்லிய படலம், துணிக்கு மேலே போட. மற்றது துணி மாதிரி இருக்கும், அடியில் தாங்க. துவாய்க்கு இரண்டுமே வேண்டும். துவாயில் நிற்கும் சுருள் நூல்கள் நாம் தைக்கும் எழுத்தை விழுங்கிவிடும். மேலே போடும் படலம் அவற்றை அமுக்கிப் பிடிக்கும். ஸ்வெட்டர், குழந்தைப் போர்வை போன்ற குளிர் உடுப்புகளுக்கும் இதே கதைதான்.

முதலில் துவாயைக் கழுவிக் காயவையுங்கள். சுருங்குவது தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும். துணி போன்ற தாளை மட்டும் எம்பிராய்டரி வளையத்தில் மாட்டுங்கள். நெருப்பில் காய்ச்சின தப்பு மேளம் மாதிரி இறுகி நிற்க வேண்டும். தடித்த துவாயை வளையத்துக்குள் திணித்தால் தடம் விழும். அதனால் அதை மேலே விரித்து ஓரங்களில் குண்டூசி குத்துங்கள். அதன் மேல் படலம், எழுத்தைவிடச் சுற்றிவர ஓர் அங்குலம் கூடுதலாக. இப்போது மூன்றையும் சேர்த்துச் சுற்றிலும் நீளத் தையல் ஒன்று ஓட்டிவிட்டுக் குண்டூசிகளை எடுத்துவிடுங்கள்.

சாதாரண மெஷின் என்றால் துணியைத் தள்ளும் பற்களை இறக்கி, எம்பிராய்டரிப் பாதத்தை மாட்டி, கையால் வளையத்தை நகர்த்துங்கள். 11ஆம் நம்பர் ஊசி போதும். துவாய் தடிப்பென்றால் 14. தேத்தண்ணிக் கோப்பையை எட்ட வையுங்கள். ஈர விரல் பட்ட இடத்தில் படலம் ஓட்டையாகிவிடும்.

தைத்து முடிந்ததும் உடனே தண்ணீரில் போடாதீர்கள். முதலில் நூல் நுனிகளையும் அந்த நீளத் தையலையும் வெட்டி எடுங்கள். படலத்தைத் தையலின் பக்கமாக மெல்லப் பிய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். அடியில் மிஞ்சிய தாளைக் கத்தரியுங்கள். நம் எழுத்தில் சுழி அதிகம். ‘ணை’, ‘ஞா’ தைத்தால் ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு துண்டு மாட்டிக்கொண்டு நிற்கும். நகத்தால் கிண்டினால் நூல்தான் பிரியும். நனைத்த பஞ்சுக் குச்சியால் தொட்டால் அதுவாகவே இளகிப் போகும்.

பிறகு அலசுங்கள். நுவரெலியாப் பைப்புத் தண்ணீரில் கரைய நேரமெடுக்கும், கையும் விறைக்கும். கேத்தலில் சுடவைத்துக் கலந்து வெதுவெதுப்பாக்குங்கள். தொட்டால் வழுவழுவென்றிருந்தால் இன்னும் கரையவில்லை. தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை. படலம் இருக்கும்போதே அயன் பண்ணினால் சுருங்கித் துணியோடு ஒட்டிவிடும். எனக்கு ஒரு நல்ல துவாய் இப்படிப் போனது. சாயம் போகும் துணி, தண்ணீர் பட்டால் திட்டு விழும் பட்டு, இரண்டுக்கும் இந்தத் தாள் வேண்டாம்.

குயில்டில் இதன் பயன் வேறு. மூன்று அடுக்குப் போர்வையின் மேல் பூவோ கொடியோ வரைய வேண்டுமென்றால், துணியில் வரையாமல் படலத்தில் வரைந்து, மேலே விரித்துக் குத்தி, கோட்டின் மேலேயே தைத்துப் போகலாம். கரும் துணியில் சோக் தேய்த்துக் கண் பூத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் படலம் கரையும்போது அதிலிருந்த மை எங்கே போகும்? துணிக்குத்தான். கழுவினால் போகும் பேனையை மட்டும் எடுங்கள். அதையும் முதலில் ஒரு துண்டில் தைத்து, நனைத்துப் பாருங்கள். அலச முன் கையால் பிய்க்கக்கூடியதை எல்லாம் பிய்த்துவிடுங்கள். தையல் நீளம் 2.5 மில்லிமீற்றர் சரி. மிகச் சிறிதாக வைத்தால் பாதியிலேயே படலம் கிழிந்து கையோடு வரும்.

வெட்டி மிஞ்சும் துணுக்குகளை நான் எறிவதில்லை. ஒரு ஜாம் போத்தலில் சேர்த்து, கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் கஞ்சி போல வரும். நழுவும் மெல்லிய துணியில் பிரஷால் பூசிக் காயவைத்தால் விறைப்பாகி, வெட்டவும் தைக்கவும் அடங்கி நிற்கும். மழை நாளில் பூசினால் மட்டும், காய்வதற்கு மறுநாள் வரை பார்த்திருக்க வேண்டும்.