செடிக்குப் பக்கத்தில் அதன் காலனி வரலாற்றை எழுதுவது எப்படி?

தாவரவியல் பூங்காக்களுக்குப் பலகை எழுதுவது என் வேலை. லத்தீன் பெயர், குடும்பம், தாயகம் என்று மூன்று வரியோடு விட்டுவிட்டால், அந்த மரம் தானே கப்பலேறி வந்ததுபோல் ஆகிவிடும்.

முதலில், பூங்காவுக்கு வந்த செடிகளைக் குறித்துவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டைப் பிடியுங்கள். மரத்தில் தொங்கும் சிறிய தகட்டில் ஓர் எண் இருக்கும். அதை வைத்து எந்த ஆண்டு, எங்கிருந்து, யார் அனுப்பியது என்று தேடலாம். அனுப்பியவரோடு நின்றுவிடாதீர்கள். காட்டில் வழிகாட்டியது யார், சுமந்தது யார், லாபம் யாருக்கு? பழைய கடிதங்களையும் கூலிக் கணக்குகளையும் பொறுமையாகப் புரட்ட வேண்டும்.

மலேரியா மருந்தான குயினைன் கிடைக்கும் சின்கோனா மரத்தைப் பாருங்கள். 1865-ல் டச்சுக்காரர்கள் ஆங்கிலேய வணிகர் சார்லஸ் லெட்ஜரின் விதைகளை வாங்கினார்கள். அதிலிருந்து எழுந்த ஜாவாத் தோட்டங்கள்தான் இரண்டாம் உலகப் போர் வரை உலகின் பெரும்பகுதி குயினைனைக் கொடுத்தன. லெட்ஜருக்காக அந்த விதைகளைப் பொலிவியக் காடுகளில் சேகரித்தவர் பழங்குடியினரான மானுவல் இன்க்ரா மமானி. நல்ல மரம் எது என்று அவருக்குத்தான் தெரியும். பிற்பாடு மறுபடி விதைக்குப் போனபோது உள்ளூர் அதிகாரிகள் அவரைச் சிறைபிடித்து அடித்தார்கள். கொஞ்ச நாளில் இறந்துபோனார். சின்கோனா லெட்ஜெரியானா என்று லெட்ஜரின் பெயர் மரத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதனால் பலகையின் முதல் வரியை மமானிக்குக் கொடுங்கள்.

வனிலாவுக்குப் படம் வேண்டும். 1841-ல் ரீயூனியன் தீவில், அடிமையாக இருந்த 12 வயது எட்மண்ட், பூவுக்குள் இருக்கும் சவ்வைக் குச்சியால் நிமிர்த்தி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். இன்றும் தோட்டங்களில் கையால் இப்படித்தான் மகரந்தச் சேர்க்கை செய்கிறார்கள். அந்த விரலை வரையுங்கள். வாசிக்காதவர்களும் நின்று பார்ப்பார்கள்.

அப்புறம் அளவு. 60, 70 சொற்களுக்கு மேல் போனால் யாரும் நிற்க மாட்டார்கள். வரலாற்றைத் தனி அறைக்குள் கொண்டுபோய் வைக்கவும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது மரத்தடியில்தான் இருக்க வேண்டும். மருந்து, சடங்கு பற்றி எழுதுமுன் அந்தச் சமூகத்தாரிடம் வரைவைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

கல்லில் பொறிக்க வேண்டாம், கழற்றி மாற்றக்கூடிய தகடே போதும். கீழே எழுதிய ஆண்டைப் போடுங்கள். நாளைக்கு இன்னொரு கடிதக் கட்டிலிருந்து இன்னொரு பெயர் கிடைத்தால் உடனே சேர்த்துவிடலாம்.