பண்டைய சுதந்திரமும் நவீன சுதந்திரமும்: ஒப்பிட்டு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் அரசியல் அறிவியல் படிக்கிறவர்கள், குடிமைப்பணித் தேர்வுக்கு அதை விருப்பப் பாடமாக எடுக்கிறவர்கள் எழுதும் விடைகளில் சில தவறுகள் ஆண்டுதோறும் அப்படியே திரும்பி வருகின்றன. ஏதென்ஸையும் ஸ்பார்ட்டாவையும் மாற்றி எழுதுவது, ஆண்டுகளைக் குழப்புவது போன்றவற்றை இங்கே பேசவில்லை. ஒருமுறை சுட்டினால் அவை சரியாகிவிடும். புரிதலையே கெடுக்கும் தவறுகள்தான் கவலை தருகின்றன. அவை பெரும்பாலும் ஒரே உரையைச் சுற்றி நடக்கின்றன: பண்டையோரின் சுதந்திரத்தையும் நவீனரின் சுதந்திரத்தையும் ஒப்பிட்டு 1819இல் பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் பெஞ்சமின் கோன்ஸ்தான் பாரிஸில் ஆற்றிய உரை.

பண்டையோர் எல்லோரையும் ஒன்றாக்குவது

கோன்ஸ்தானே அப்படிச் செய்யவில்லை. யாழில் ஒரு நரம்பு கூட்டியதற்காக இசைவாணர் தெர்ப்பாந்தர் மீது ஸ்பார்ட்டாவின் எஃபோர்கள் என்ற உயர் அதிகாரிகள் சினந்த கதையைச் சொல்கிறார். ரோமில் ஒழுக்கத்தைக் கண்காணித்த சென்சார் அதிகாரிகள் குடும்பத்துக்குள்ளும் கண் வைத்ததைச் சொல்கிறார். ஏதென்ஸை மட்டும் தனியே நிறுத்தி, அங்கே வணிகம் ஓங்கியிருந்ததால் குடிமகனுக்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதலான தனியுரிமை இருந்தது என்கிறார். 'பண்டைய கிரேக்கத்தில்' என்று தொடங்கும் வாக்கியம் எந்த ஊரைச் சொல்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

பாதியோடு நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் இந்தத் தவறு மட்டும் போகமாட்டேன் என்கிறது. வழிகாட்டி நூல்களிலேயே இது இருப்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது.

உரையின் முதற்பகுதி எல்லோருக்கும் தெரியும். பண்டைய குடிமகன் பொதுவெளியில் கூடிப் போரா அமைதியா என்று முடிவெடுத்தான், சட்டங்களுக்கு வாக்களித்தான், தீர்ப்புச் சொன்னான், அதிகாரிகளின் கணக்கைக் கேட்டான். ஆனால் தன் சொந்த வாழ்வில் சமூகத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்டிருந்தான். நவீன மனிதனுக்குச் சுதந்திரம் என்பது வேறு: சட்டத்துக்குப் புறம்பாகக் கைதாகாமல் இருப்பது, கருத்தைச் சொல்வது, பிடித்த தொழிலைச் செய்வது, சொத்தை வைத்துக்கொள்வது, அனுமதி கேட்காமல் போய்வருவது, விரும்பியபடி வழிபடுவது, இவற்றோடு அரசின் மீது ஓரளவு செல்வாக்கு. பெரிய நாட்டில் ஒருவருடைய வாக்கின் எடை குறைந்துவிட்டது; தொழிலும் குடும்பமும் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பழைய சுதந்திரத்தை இன்று அப்படியே திணித்தால் அது கொடுங்கோன்மையில்தான் முடியும். பழைய குடியரசுகளைப் போற்றிய 18ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர்கள் ரூஸோவும் மாப்ளியும் இந்த வேறுபாட்டைக் காணத் தவறினார்கள் என்பது அவர் வாதம். பிரெஞ்சுப் புரட்சியின் 1793-94 பயங்கர ஆட்சி அவர் காலத்தில் நடந்தது.

மாணவர்கள் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள். 'எனவே தனிமனித உரிமையே போதும் என்கிறார் கோன்ஸ்தான்' என்று முடிவுரை எழுதுகிறார்கள். அவர் எச்சரிக்கை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். பண்டையோருக்கு இருந்த ஆபத்து, அதிகாரத்தில் பங்கு கேட்கும் வேகத்தில் தனியுரிமையை மலிவாக விட்டுக்கொடுப்பது. நமக்குள்ள ஆபத்து நேரெதிரானது: சொந்த வேலையிலும் சுகத்திலும் ஆழ்ந்து, அதிகாரத்தில் நமக்குள்ள பங்கை எளிதாகக் கைவிட்டுவிடுவது. ஆட்சியாளர்கள் இதற்கு உதவத் தயாராகவே இருப்பார்கள், எல்லாத் தொல்லையையும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள், கீழ்ப்படிவதும் வரி கட்டுவதும் தவிர என்கிறார். பிரதிநிதிகளை அவர் காரியஸ்தர்களோடு ஒப்பிடுகிறார். நேரமில்லாத செல்வர் காரியஸ்தரை வைக்கலாம். ஆனால் சோம்பேறியோ அறிவிலியோ அல்லாதவர் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார், சரியில்லாதவரை நீக்குவார். இரண்டு சுதந்திரங்களில் எதையும் விடாமல் இணைக்கக் கற்க வேண்டும் என்றுதான் உரை முடிகிறது.

இந்தப் பாதியை விடுவதால் போவது மதிப்பெண் மட்டும் என்றால் இவ்வளவு வற்புறுத்த வேண்டியதில்லை. புதுச்சேரியையே பாருங்கள். 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல்தான். அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் பல ஆண்டுகள் நகராட்சிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையிலேயே இருந்தன. இடைப்பட்ட காலத்தில் யாருடைய சொத்தும் பறிபோகவில்லை. பேச்சுரிமை, வழிபாட்டுரிமை எல்லாம் இருந்தன. வழக்குகளும் கோரிக்கைகளும் எழாமல் இல்லை. ஆனாலும் தெருவிளக்கும் குடிநீரும் வந்துகொண்டிருந்தவரை பெரும்பாலோருக்கு எதையோ இழந்ததாகவே தோன்றவில்லை. கோன்ஸ்தான் சொன்ன நவீன ஆபத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று பாடநூலில் கிடைக்காது.

எல்லைக்கு இந்தப் பக்கம், கடலூர் மாவட்டக் கிராமங்களில், ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். ஏதென்ஸில் பதவி முடிந்த ஒவ்வொரு அதிகாரியும் கணக்குக் காட்டிய பின்பே விடுபட முடிந்தது என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். காரியஸ்தரின் கணக்கைக் கேட்க நமக்கு நேரடியாக வாய்ப்புள்ள இடம் அதுதான். கூட்டத்துக்குப் போகாமல் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போடுகிறவர் அந்த வாய்ப்பைத் தானே விட்டுக்கொடுக்கிறார்.

விடை எழுதும்போது செய்ய வேண்டியது இவ்வளவே: இரண்டு சுதந்திரங்களுக்கும் இடம் கொடுத்தபின், ஒவ்வொன்றின் ஆபத்துக்கும் ஒரு பத்தி, இணைப்புக்கு ஒரு பத்தி. இடம் போதாவிட்டால் முன்னதைச் சுருக்குங்கள். பின்னதை வெட்டாதீர்கள்.

'நவீன காலத்தில் அடிமைமுறை இல்லை' என்று நகலெடுப்பது

அடிமைகள் உழைத்திராவிட்டால் இருபதாயிரம் ஏதென்ஸ்காரர்கள் நாள்தோறும் பொதுவெளியில் விவாதித்துக்கொண்டிருக்க முடியாது என்பது உரையின் கூர்மையான வரி. ஆனால் இன்று அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்று அவர் சொன்னது ஐரோப்பிய தேசங்களுக்குள் இருந்த நிலை. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறை 1802இல் திரும்பக் கொண்டுவரப்பட்டது. இறுதியாக ஒழிந்தது 1848இல்தான். அடிமை வணிகத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் கோன்ஸ்தான். அதை அவர் அறியாதவரல்ல. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்தே மொரிஷியஸுக்கும் ரெயூனியனுக்கும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். இந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவர் அந்த வரியைக் கேள்வி கேட்காமல் தாண்டக் கூடாது.

வணிகம் போரின் இடத்தைப் பிடித்துவிட்டது என்ற அவருடைய கூற்றுக்கும் இதுவே பொருந்தும். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லல்லி கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்தார்கள். இரு பக்கமும் வணிகக் கம்பெனிகள்.

குடவோலையை ஏதென்ஸாக்குவது

பெருமையால் வரும் தவறு. உத்திரமேரூர்க் கல்வெட்டு மகத்தான ஆவணம். முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. அது பிராமணர் ஊரின் சபை. பேரரசனுக்குக் கீழே இயங்கியது. போரையும் அமைதியையும் முடிவு செய்யும் இறையாண்மை அதற்கில்லை. சீட்டெடுப்பும் கணக்குக் கண்டிப்பும் ஒப்பிடத் தக்கவை. அதோடு நிறுத்துங்கள்.

கீழூர் வாக்கெடுப்பை மக்கள் வாக்கெடுப்பு என்பது

புதுச்சேரி முதலிய பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு இணைவதா என்று 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. மக்கள் நேரடியாக வாக்களித்தது 1949 ஜூன் 19இல், வங்கத்தில் பிரெஞ்சு வசமிருந்த சந்திரநாகூரில். நேரடி வாக்கு என்பதாலேயே சந்திரநாகூரைப் 'பண்டைய சுதந்திரம்' என்ற பட்டியலில் சேர்க்கவும் வேண்டாம். ஒரு நாள் ஆம், இல்லை என்று சொல்வதில் கூடிப் பேசுவதும் கிடையாது, தீர்ப்பளிப்பதும் கிடையாது, கணக்குக் கேட்பதும் கிடையாது.

ஏதென்ஸில் பானை ஓட்டில் பெயர் எழுதி வாக்களித்து நாடுகடத்தியதைத் தண்டனை என்பது

குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, சொத்துப் பறிப்பும் இல்லை. 10 ஆண்டு வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோன்ஸ்தானையும் ஐசையா பெர்லினையும் ஒன்றாக்குவது

20ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் பெர்லின் சுதந்திரத்தின் இரு கருத்தாக்கங்கள் பற்றி ஆற்றிய உரை 1958. வேறு கேள்வி, வேறு விடை. தனித் தாளில் எழுதுங்கள்.